என்டர் த கன்ஜன் மாதிரி விளையாட்டில் திரும்பத் திரும்பச் செத்தும் எரிச்சல் வராதா?

வரும். நன்றாகவே வரும். ஆனால் எனக்கு எரிச்சல் சாவதால் வருவதில்லை.

'எல்லாம் அதிர்ஷ்டம்தானே, பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும்' என்று கேட்டிருக்கிறீர்கள். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய, ஒவ்வொரு முறையும் மாறி வருகிற ரோக்லைக் வகை விளையாட்டுகளில் நான் அதிகம் ஆடியது கன்ஜன்தான். டாட்ஜ் ரோல் என்ற சிறு குழு உருவாக்கி, டெவால்வர் டிஜிட்டல் 2016 ஏப்ரலில் வெளியிட்டது. ஐந்து தளங்கள் இறங்க வேண்டும், தளத்துக்கு ஒரு பாஸ், அதாவது கடைசியில் வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி. செத்தால் கையில் இருந்த துப்பாக்கிகள் போய்விடும், மறுபடி முதல் தளம்.

இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பெட்டியில் என்ன துப்பாக்கி இருக்கும், அறைகள் எந்த வரிசையில் வரும் என்பது ஒவ்வொரு ரன்னிலும் (முதலிலிருந்து ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும்) மாறும். ஆனால் ஒவ்வொரு அறையும் ஆள் உட்கார்ந்து வடிவமைத்தது. புல்லட் கிங் என்ற பாஸ் சுடும் விதம் நீங்கள் எந்தத் துப்பாக்கி வைத்திருந்தாலும் அதேதான். குண்டுகளும் மெதுவாகத்தான் வரும், கண்ணால் பார்த்து விலகலாம். அதற்குத்தான் உருளும் பட்டன். உருண்டு காற்றில் இருக்கும் முதல் பாதியில் குண்டு உங்களைத் தொடாது. தரையில் விழுந்த பிறகுள்ள மறுபாதியில் தொடும்.

புதிதாக ஆடுகிறவர்கள் குண்டுக்கு எதிர்ப்பக்கம் உருளுவார்கள். அது துரத்திக்கொண்டு வந்து, எழுந்து நிற்கும் நேரத்தில் சரியாக அடிக்கும். குண்டை நோக்கித்தான் உருள வேண்டும். சுற்றுகிற ஸ்கிப்பிங் கயிற்றுக்குள் ஓடி நுழைவது போல, பயத்தை விட்டு அதன் தாளத்துக்குள் போக வேண்டும். இது கைக்குப் பழகிவிட்டால் திரை முழுக்கச் சிவப்புக் குண்டுகள் நிறைந்திருந்தாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். செத்தால் துப்பாக்கி போகும், இந்தப் பழக்கம் போகாது. என்னை இழுத்து உட்கார வைப்பது இதுதான். துப்பாக்கியாக வரும் தபால் பெட்டி கடிதங்களைச் சுடும், தேன்கூடு தேனீக்களை ஏவும் என்கிற கூத்தெல்லாம் அதற்கு மேலே ஒரு போனஸ்.

அப்படியென்றால் அதிர்ஷ்டம் என்னதான் செய்கிறது? நேரத்தை நீட்டுகிறது. நல்ல துப்பாக்கி கிடைத்தால் பாஸ் சீக்கிரம் முடியும். கிடைக்காவிட்டால் தொடக்கத்தில் கொடுத்த துப்பாக்கியால் டிக் டிக்கென்று சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடி வாங்காமல் ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பது வேறு, நாலு நிமிடம் தாக்குப்பிடிப்பது வேறு. தோட்டா தீராது என்பதால் தொடக்கத் துப்பாக்கியாலும் ஜெயிக்க முடியும், அதனால் இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அலுப்பு என்பேன். அலுப்பில்தான் கவனம் சிதறி அடி வாங்குகிறோம்.

எனக்குப் பெரிய குறை சாவி. கண்ணெதிரே பெட்டி இருக்கும், திறக்கச் சாவி இருக்காது. கடையில் வாங்கலாம், ஆனால் காசு போதாது, அல்லது அந்தக் கடையில் சாவியே இருக்காது. கடுப்பில் பெட்டியைச் சுட்டு உடைத்தால் பெரும்பாலும் குப்பைதான் மிஞ்சும். விளையாடத் தெரிந்தும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

இன்னொன்று, தளத்தின் நடுவில் சேமிக்க வழியில்லை. அடுத்த தளத்தின் தொடக்கத்தில்தான் சேமித்துவிட்டு வெளியேற முடியும். வீட்டில் யாராவது கூப்பிட்டால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு ஓட வேண்டியதுதான்.

உருவாக்கியவர்களுக்கும் இந்தப் புலம்பல் கேட்டிருக்கும் போல. 2019இல் வந்த கடைசிப் பெரிய அப்டேட்டில் ரெயின்போ முறையைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தளத்தின் தொடக்கத்திலும் பல பொருட்களைப் பரப்பி வைப்பார்கள், விரும்பிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சாவிக்கு அலைய வேண்டாம். நான் ஆடிப் பார்த்தேன், ஜெயிப்பது சுலபமானது, ஆனால் சீக்கிரமே சலித்துவிட்டது. தெரிந்த நல்ல துப்பாக்கியையே ஒவ்வொரு முறையும் எடுத்தேன். வழக்கமான ரன்னில் மட்டமான துப்பாக்கி ஒன்று கையில் திணிக்கப்பட்டு, அதை வைத்து எப்படியாவது தேறுவோம் என்று ஆடுகிறோமே, அந்தச் சுவை இதில் இல்லை. ஆக, நான் திட்டுகிற அந்த அதிர்ஷ்டம் எனக்கு வேண்டியும் இருக்கிறது. சாவியில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டியிருக்கலாம்.

நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், ஆடத் தேர்ந்தெடுக்கும் பாத்திரங்களில் ஹன்டரை எடுங்கள். அவளுடைய குறுக்குவில்லின் ஒவ்வொரு அடியும் பலமாக விழும், முதல் தளம் இழுக்காது. கூட ஒரு நாயும் வரும். அறை முடிந்ததும் சில சமயம் ஏதாவது பொருளைத் தோண்டித் தரும். பெட்டி மாதிரி வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கும் மிமிக்கைக் கண்டால் குரைக்கும். குரைத்தால் கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே சுடுங்கள்.