18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகும் பெண்ணுக்குத் தனி ரூம்: என்னென்ன செய்து கொடுக்க வேண்டும்?

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். 6 வயதில் எங்களிடம் வந்த பெண்ணுக்கு வருகிற டிசம்பரில் 18 முடிகிறது. தாய் தகப்பன் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோத்தகிரியில் ஒரு பேக்கரியில் மாதம் 11,000 ரூபாய்க்கு வேலை பேசியாகிவிட்டது. தனியாக ரூம் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். விடலாமா? விட்டால் நாங்கள் என்ன செய்து கொடுக்க வேண்டும்?

பதில்: விடலாம். ஆனால் டிசம்பர் வரை காத்திருந்தால் பாதி வேலை கையை விட்டுப் போய்விடும். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 46-வது பிரிவு, 18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவருக்குப் பண உதவி செய்ய வழி வைத்திருக்கிறது. பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டுப் போன பிறகும் தொடரும் உதவி, 21 வயது வரை உண்டு. தவிர்க்க முடியாத நிலையில் இன்னும் 2 ஆண்டு நீட்டிக்க 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இடம் தருகின்றன. அதே விதிகளின்படி, வெளியேறுவதற்கு 2 மாதம் முன்பே பிற்காப்புத் திட்டத்தை எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது அக்டோபர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இப்போதே பேசுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. நேராக அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும். இந்தப் பணத்தை நம்பி வாடகை பேசாதீர்கள். ஒரு மாதம் தள்ளிப்போனாலும் வீட்டுக்காரரிடம் தலைகுனிய வேண்டிவரும். வாடகை சம்பளத்தில் இருந்து போகட்டும், இது சேமிப்பாகச் சேரட்டும்.

அடுத்து காகிதங்கள். இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு வெளியே வந்ததும் முதலில் இடிக்கிற இடம் இதுதான். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இருப்பது பெரும்பாலும் இல்லத்தின் போன் நம்பர். ஓடிபி உங்கள் ஆபீஸ் போனுக்கு வரும், பெண் கோத்தகிரியில் நிற்பார். சொந்த சிம் வாங்கி இரண்டிலும் மாற்றுங்கள். மைனர் கணக்கு 18 முடிந்ததும் அப்படியே ஓடாது. புதிதாகக் கேஒய்சி, மாதிரிக் கையெழுத்து கேட்பார்கள். பிறந்த நாளுக்கு மறுவாரமே அவரை வங்கிக்கு அழைத்துப் போய்விடுங்கள். ஆதார், மார்க் ஷீட், டிசி, பிறப்புச் சான்று நான்கிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு 'h' கூடக் குறைய இருந்தாலும் பின்னால் அலைச்சல். நலக் குழு உத்தரவின் நகல் ஒன்று அவர் கையிலும் இருக்க வேண்டும்.

சாதிச் சான்று பற்றிப் பல இல்லங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்ந்த ஆதரவற்றவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் இது உதவும். அவர் உங்கள் இல்லத்தில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். பிறகு சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி அலைய வேண்டாம்.

ரூமுக்கு வருவோம். முதல் ஆறு மாதமாவது இன்னும் ஒன்றிரண்டு பெண்களோடு சேர்ந்து இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. மாதிரி விதிகளும் 6 முதல் 8 பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் வீட்டைத்தான் சொல்கின்றன. லேடீஸ் ஹாஸ்டல் என்றால் 2014-ஆம் ஆண்டு சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தனி ரூம்தான் என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், 3,600 ரூபாய்க்குள் பாருங்கள். அட்வான்ஸ், எழுத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் அவர் பெயர்தான் இருக்க வேண்டும். இல்லம் கையெழுத்துப் போட்டால், நாளை உங்கள் நிர்வாகம் மாறும்போது அவர் வீடு ஆடும். வீட்டுக்காரர் 'அப்பா அம்மா என்ன செய்கிறார்கள்' என்று கேட்கத்தான் செய்வார். 'வேலைக்கு வந்திருக்கிறார், ஏதாவது என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்பது போதும். அவருடைய பழைய கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

ரூமைப் பகலில் மட்டும் பார்க்காதீர்கள். மலைச் சரிவை ஒட்டிய பின்சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, உப்புப் பூத்து இருந்தால் மழைக்காலத்தில் துணி காயாது, பாய் பூசணம் பிடிக்கும், இருமல் நிற்காது. பின்னால் தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிவது உங்களுக்கே தெரியும். பிறகு பேக்கரி மூடும் நேரத்துக்கு, இருட்டில், பஸ் ஸ்டாப்பிலிருந்து ரூம் வரை அவரோடு ஒருமுறை நடந்து பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் குறுக்குவழி என்றால் வேண்டாம். கோத்தகிரியில் அந்திக்குப் பிறகு கரடியும் காட்டெருமையும் நடமாடும் வழி அது.

குளிர் விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். டிசம்பர், ஜனவரி குளிரில் தனியாகப் படுப்பவர், ஒரு சட்டியில் கரியைப் போட்டுக் கணப்பு மூட்டி, ஜன்னலை இறுக்கச் சாத்திவிட்டுப் படுப்பார். புகை வராததால் ஆபத்தில்லை என்று தோன்றும். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாது. கரி சாம்பல் பூத்து அணைந்தது போல இருக்கும்போதும் வாயு வந்துகொண்டே இருக்கும். ஆகவே ரூமுக்குள் கணப்பு கூடவே கூடாது; கனமான கம்பளி இரண்டும் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையும் வாங்கிக் கொடுங்கள். கேஸ் கீசர் உள்ள பாத்ரூமில் காற்றுப்போக்கி இல்லையென்றால் அந்த ரூமை விட்டுவிடுங்கள். ஹீட்டர் ராடு என்றால் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும், சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

சமையல் தெரியும் என்பார். தெரிந்தது அண்டாவில் நூறு பேருக்கு. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 25 கிராம் பருப்பு என்ற கணக்கு யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். 2 லிட்டர் குக்கர் ஒன்று அவசியம். 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கலாம். நவம்பரில் இரண்டு வாரம், இல்லத்திலேயே தனி அடுப்பும் வாரத்துக்கு 900 ரூபாயும் கொடுத்து, கடைக்குப் போவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை அவரையே செய்யச் சொல்லுங்கள். வியாழக்கிழமையே பணம் தீர்ந்தால் தீரட்டும், இடையில் கொடுக்காதீர்கள்; பசித்தால் இல்லத்துச் சாப்பாடு இருக்கிறது. எங்கே தீர்ந்தது என்று பிறகு உட்கார்ந்து பேசுங்கள்.

வெளியே போன பிறகு ஒருவர், ஒரே ஒருவர், பொறுப்பில் இருக்க வேண்டும். 'யாரையாவது கூப்பிடு' என்றால் அவர் யாரையும் கூப்பிட மாட்டார். முதல் மாதம் வாரம் இரண்டு போன், ஒரு நேர்ச் சந்திப்பு. மூன்றாவது மாதம் முடியும் வரை வாரம் ஒரு போன், இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு. அதன் பிறகு மாதம் ஒருமுறை, 21 வரை. கிழமையும் நேரமும் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று கதவைத் தட்டினால் அது வார்டன் வேலை. மாற்றுச் சாவி யாரிடம் என்பதும் அவர் சொல்வதுதான். போனை எடுக்காமல் விடுவது, இரண்டு நாள் வேலைக்குப் போகாதது, வாடகை தள்ளுவது மூன்றும் சேர்ந்தால் அன்றே போய்ப் பாருங்கள். மனம் சரியில்லாத இரவுகளுக்கு 14416, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112. மூன்றையும் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

18 ஆனதும், வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத சொந்தக்காரர் ஒருவர் தேடி வருவது சகஜம். வரக் கூடாது என்று நீங்கள் தடுத்தால் பெண் அவரை ரகசியமாகப் பார்ப்பார். பார்க்கட்டும், ஏடிஎம் கார்டு, பின் நம்பர், ஆதார் அசல் மூன்றையும் யாருக்கும் கொடுப்பதில்லை, யார் கடனுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை என்பதை மட்டும் இப்போதே பேசி வையுங்கள்.

இன்னொன்று. டிசம்பரில் போகிறவருக்கு மூன்று நான்கு வாரத்தில் பொங்கல். கூட இருக்கும் பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், மெஸ் பூட்டியிருக்கும். பொங்கலன்று மத்தியானம் இல்லத்துக்கு வந்து சாப்பிட வேண்டும் என்று, அவர் பெட்டி கட்டுகிற நாளிலேயே சொல்லிவிடுங்கள்.