பாக்கெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்திருக்காரு

தம்பி, நீங்க கேட்டத ரெண்டு தடவ படிச்சேன். இன்டர்நெட் செக்யூரிட்டி, டேட்டா ப்ரைவசில பிஹெச்டி இடம் கெடைச்சு ஐரோப்பாவுக்குக் கெளம்பப் போறீங்க, அங்க வேலை நெஜமா எப்படி இருக்கும், வெளிநாட்டுக்காரனா இருந்துகிட்டு ஹேக்கிங் மாதிரி எதாவது பண்ணா விசாவுக்கு ஆபத்தாகுமா, ஃப்ரெண்ட் ஒருத்தர் ரொம்ப பயமுறுத்துறாரு, இதானே அக்காகிட்ட கேட்டீங்க. நான் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, முதல்ல ஸ்டூடன்ட், இப்ப யூனிவர்சிட்டி லேப்ல வேலை. தைரியமா வாங்க. ஆனா உங்க ஃப்ரெண்ட் சொல்றது முழுக்கப் பொய்யும் இல்ல.

நான் வந்த மூணாவது மாசம் நடந்ததச் சொல்றேன். மிச்சிகன் யூனிவர்சிட்டிக்காரங்க 2013ல ஸீமேப்னு ஒரு டூல் வெளியிட்டாங்க, நல்ல கிகாபிட் லைன் இருந்தா ஒரே மெஷின்ல இருந்து மொத்த ஐபிவி4 இன்டர்நெட்டையும், அதாவது பழைய முறை ஐபி முகவரி எல்லாத்தையும், முக்கால் மணி நேரத்துக்குள்ள ஸ்கேன் பண்ணிடலாம். ஸ்கேன்னா ஒவ்வொரு முகவரிக்கும் பாக்கெட்னு சொல்ற ஒரு குட்டி டேட்டாவ அனுப்பி, பதில் வருதான்னு பாக்குறது. எந்த சர்வர்லல்லாம் இன்னும் பழைய என்க்ரிப்ஷன், அதாவது டேட்டாவப் பூட்டி அனுப்புற பழைய முறை, ஓடிட்டிருக்குன்னு பாக்குறது என் வேலை. யாருக்கும் பாரமா இருக்கக்கூடாதுன்னு மெதுவா ரெண்டு நாள் ஓடுற மாதிரி செட் பண்ணி வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டுட்டுப் போயிட்டேன். திங்கக்கிழமை காலைல வந்தா எங்க ப்ரொஃபசருக்கு யூனிவர்சிட்டி ஐடி ஆபீஸ்ல இருந்து நீளமா ஒரு மெயில் வந்திருக்கு, ஒரு ஆஸ்பத்திரியோட நெட்வொர்க்கப் பாத்துக்குறவர் சனிக்கிழமை ராத்திரி முழுக்க தூங்காம உக்காந்திருக்காரு, யாரோ உள்ள நுழையப் பாக்குறாங்கன்னு நெனச்சு. நான் கதவத் தட்டிப் பாத்ததோட சரி, உள்ள போகவே இல்ல. ஆனா அது அவருக்கு எப்படித் தெரியும்? எங்க ஐபிய தேடிப் பாத்தா யாரு, எதுக்கு, யாரக் கூப்பிடணும்னு ஒரு வரி கூட இல்ல. ஸீமேப் எழுதினவங்களே பேப்பர்ல தெளிவா சொல்லிருக்காங்க, ரிசர்ச்னு தெரியுற மாதிரி அந்த ஐபிக்குப் பேர் வைங்க, அதே ஐபில ஒரு வெப் பேஜ் போட்டு விளக்குங்க, எங்கள விட்ருங்கன்னு யாராவது கேட்டா லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க, உங்க நெட்வொர்க் ஆளுங்ககிட்ட முன்னாடியே பேசி வைங்கன்னு. நான் டூல மட்டும் எடுத்துக்கிட்டு அந்தப் பக்கத்தப் புரட்டிட்டுப் போயிருந்தேன். ப்ரொஃபசர் திட்டல, அந்த ஆஸ்பத்திரிக்காரருக்கு நீங்களே போன் பண்ணிப் பேசுங்கன்னாரு. பேசினேன், பாதி அவர் பாஷை, பாதி இங்கிலீஷ், கை நடுங்குது. அவரும் கத்தல, அடுத்த தடவ அந்தப் பேஜ மட்டும் வச்சிடுங்க, பாத்துட்டுப் படுத்துருப்பேன்னாரு. அந்த வார்த்தை இன்னும் மனசுல அப்படியே இருக்கு.

அதனால விசா கேள்விக்கு என் பதில் இதான், எதையும் தொடுறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்குங்க. எந்த சிஸ்டம், எந்த அக்கவுன்ட், எந்தத் தேதில இருந்து எது வரைக்கும், பிரச்சினைன்னா யாரக் கூப்பிடணும், எல்லாம் ப்ரொஃபசர் பேரோட மெயில்ல இருக்கணும், வாய் வார்த்தை வேண்டாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனில 2007ல 202சி-ன்னு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க, அடுத்தவங்க சிஸ்டத்துல நுழையுற குற்றத்துக்குத் தயாராகுறதா டூல் செஞ்சாலே, வாங்கினாலே குற்றம். நல்ல வேலைக்கும் உதவுற டூல்களுக்கு இது பொருந்தாதுன்னு 2009ல அங்க அரசியல் சாசன கோர்ட் விளக்கினதால ரிசர்ச் பண்றவங்களுக்கு மூச்சு வந்துச்சு. ஆக, நோக்கம் என்னன்னு காட்டுற காகிதம் நம்ம கையில இருக்கணும். உள்ளூர்க்காரனுக்கு ஒரு எச்சரிக்கையோட முடியுறது நமக்கு பர்மிட் புதுப்பிக்கிற நேரத்துல கேள்வியா வந்து நிக்கலாம், அதனால நாம ஒரு படி கூடுதலா பாத்துக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

அனுமதி இருந்தாலும் போதாது, அதையும் சொல்லிடறேன். 2021 கடைசில பிரின்ஸ்டன் யூனிவர்சிட்டி குழு ஒண்ணு, வெப்சைட்டுங்க ப்ரைவசி சட்டத்த எப்படி நடைமுறைப்படுத்துதுன்னு பாக்க சாதாரண ஆளு கேக்குற மாதிரி மெயில் அனுப்புனாங்க, ஆராய்ச்சியால யாருக்கும் பாதிப்பு வருமான்னு பாக்குற எத்திக்ஸ் போர்ட்ல காட்டி இது மனுஷங்க மேல பண்ற ஆராய்ச்சி இல்லன்னு பதிலும் வாங்கிருந்தாங்க. மெயில் போனது சின்னச் சின்ன சைட் வச்சிருந்தவங்களுக்கும்தான், கேஸ் போடப் போறாங்கன்னு பயந்து வக்கீலப் பாக்கப் போனவங்க கூட உண்டு. கடைசில ஆராய்ச்சிய நிறுத்தி பகிரங்கமா மன்னிப்பு கேட்டாங்க. மெயில் போறது வெப்சைட்டுக்குத்தான், ஆனா அதப் படிக்கிறது ஒரு ஆளு.

ஒரு சிஸ்டத்துல பாதுகாப்பு ஓட்டை கெடைச்சா அங்கேயே நிறுத்துங்க, இன்னொரு தடவ உள்ள போய் உறுதிப்படுத்திக்கலாம்னு தோணும், போகாதீங்க. பெல்ஜியத்துல கேயூ லூவன்ல இருந்த மேத்தி வான்ஹூஃப் வைஃபையப் பூட்டுற டபிள்யூபிஏ2 முறையில க்ராக்னு (KRACK) பேர் வச்ச ஓட்டையக் கண்டுபிடிச்சப்ப 2017 ஜூலைலேயே கம்பெனிங்களுக்கு சொல்ல ஆரம்பிச்சாரு, உலகத்துக்குத் தெரிஞ்சது அக்டோபர் 16. மூணு மாசம். நீங்களும் இப்படி வாய மூடிட்டு இருக்க வேண்டி வரும், ரூம்மேட்கிட்ட சொல்ல முடியாது, வீட்டுக்கு போன் பண்ணா என்ன வேலை பாக்குறன்னு கேப்பாங்க, சொல்ல முடியாது. புது ஊர்ல தனியா இருக்குறப்ப இது ஒரு பாரம்தான். லேப்ல ஒரு சீனியரோட நெருக்கமா இருங்க, அவங்ககிட்ட மட்டும் மனசு விட்டுப் பேசலாம்.

ப்ரைவசி பக்கம் போனா இன்னும் கனமா இருக்கும். ஒரு தடவ பேரெல்லாம் நீக்கின செல்போன் லொகேஷன் டேட்டாவுல வேலை பாத்தேன், ஆளுக்கு ஒரு நம்பர் மட்டும்தான். அதுல ஒரு நம்பர், ராத்திரி ஒரு இடம், பகல்ல ஒரு இடம், செவ்வாய்க்கிழமை மட்டும் மத்தியானம் மூணு மணி நேரம் வேற ஒரு இடம், மேப்ல வச்சுப் பாத்தா புற்றுநோய் ஆஸ்பத்திரி. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமையில இருந்து அங்க போகவே இல்ல. லேப்டாப்ப மூடிட்டு வெளிய போய் நின்னுட்டேன், அவர் பேரு எனக்குத் தெரியாது, ஆனா தெரியுற மாதிரியே இருந்துச்சு. 2013ல டி மோன்ட்ஜோய்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 15 லட்சம் பேரோட 15 மாச டேட்டாவ வச்சு, எந்த இடம் எந்த நேரம்னு நாலே நாலு புள்ளி இருந்தா 95 சதவீதம் பேர தனியாப் பிரிச்சுடலாம்னு காட்டுனாங்க. பேப்பர்ல படிச்சப்ப அது எனக்கு வெறும் நம்பர்.

ஜிடிபிஆர்ங்கிற ஐரோப்பிய டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25ல இருந்து அமல்ல இருக்கு, பேர எடுத்துட்டு நம்பர் போட்டாலும் திரும்ப ஆளச் சேத்துட முடியும்னா அது தனிநபர் டேட்டாதான். இது உங்களுக்கும் பாதுகாப்பு தம்பி. உங்களப் பத்தி என்ன வச்சிருக்கீங்கன்னு எந்தக் கம்பெனியையும் கேக்கலாம், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள பதில் தரணும், பாஸ்போர்ட் எந்த நாட்டுதுன்னு சட்டம் பாக்காது. வந்ததும் ஒரு தடவ கேட்டுப் பாருங்க, மறுபக்கம் நிக்குறது எப்படி இருக்கும்னு தெரியும்.

கான்ஃபரன்ஸ் விசா பத்தி சுருக்கமா, பெரிய கான்ஃபரன்ஸ் பல அமெரிக்காவுல நடக்குது, பேப்பர் அக்செப்ட் ஆன பிறகு அப்பாயின்ட்மென்ட் தேடுனா நேரம் பத்தாம போயிடும், பேப்பர் அனுப்புற அன்னிக்கே விசா தேதி பாத்து வைங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி உங்க ப்ரொஃபசருக்கு மெயில் போட்டு ரெண்டு விஷயம் கேளுங்க, எத்திக்ஸ் போர்ட்ல அனுமதி வாங்க எவ்ளோ நாள் ஆகும், ஸ்கேன் பண்றதுக்குன்னு லேப்ல தனி ஐபியும் விளக்கப் பேஜும் இருக்கான்னு. என்ன பதில் வருதுன்னு எனக்கு எழுதுங்க, அதப் பாத்துட்டு மிச்சத்தப் பேசலாம்.