பணம், மதிப்பு பற்றி 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையாளர்கள் எப்படி எழுதினார்கள்?

கோட்பாட்டை ஓரங்கட்டிவிட்டு, பணம் புழங்கும் இடத்தைப் பார்த்து எழுதியவர்களே நிலைத்தார்கள். லண்டன் வார இதழான ‘எக்கனாமிஸ்ட்’டின் ஆசிரியர் வால்டர் பாஜட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்; வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர், உள்விவகாரம் தெரிந்தவர். 1866 மே மாதம் ஓவரெண்ட் கர்னி என்ற லண்டன் நிதி நிறுவனம் கைவிரித்ததும் லண்டன் வங்கித் தெருவில் கூட்டம் முண்டியடித்தது. 1873இல் நூலாக எழுதியபோது அவர் சொன்ன மருந்து: பீதி நேரத்தில் நாட்டின் மத்திய வங்கியான ‘பாங்க் ஆஃப் இங்கிலாந்து’ கையிருப்பைப் பூட்டிவைக்கக் கூடாது, நல்ல ஈடு காட்டுபவர்களுக்குத் தாராளமாகக் கடன் தர வேண்டும், ஆனால் வட்டி உறைக்க வேண்டும். மத்திய வங்கிகள் இன்றும் இதைத்தான் மேற்கோள் காட்டுகின்றன, அந்த வட்டியை மட்டும் வசதியாக மறந்துவிட்டு!

மதிப்பை எண்ணாக்கியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்லஸ் டவ். 1896இல் 12 நிறுவனங்களின் பங்கு விலையைக் கூட்டி, 12ஆல் வகுத்தார், கிடைத்தது 40.94. முரட்டுக் கணக்குதான். விலை அதிகமுள்ள பங்கே சராசரியை இழுக்கும், நிறுவனத்தின் அளவு பொருட்டே அல்ல.