எலியின் எதிர்ப்பொருளை ஏன் அப்படியே மருந்தாகக் கொடுக்க முடியவில்லை?

கொடுத்துப் பார்த்தார்கள், உடல்தான் ஏற்கவில்லை. எதிர்ப்பொருள் என்பது அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடல் செய்யும் புரதம். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு அறிவியலாளர்கள், எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் பி செல்லைச் சாகாமல் பெருகும் மைலோமா புற்றுச்செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் ஹைபிரிடோமா செல்லை உருவாக்கினர். அவ்வழியில் வந்த முதல் மருந்தான மியூரோமோனாப், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்க 1986-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது முழுக்க எலிப் புரதம் என்பதால், நோயாளியின் உடல் மருந்தையே அந்நியப் பொருளாகக் கருதி அதற்கு எதிர்ப்பொருள் செய்தது. மறுமுறை செலுத்தினால் மருந்தின் பலன் குன்றியது.

உண்மையில் எலியிடமிருந்து நமக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். ஒய் வடிவ எதிர்ப்பொருளில் இலக்கைப் பற்றுபவை, ஒவ்வொரு கையின் நுனியிலும் உள்ள ஆறு சிறு வளையங்களே. அத்தகைய வளையங்களை மட்டும் மரபணு அளவில் மனித எதிர்ப்பொருளில் பொருத்தலாம் என்று அறிவியலாளர் கிரெக் வின்டரின் குழு 1986-இல் காட்டியதைத்தான் இத்துறையின் பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன். பின்னர் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேற்பரப்பில் மனித எதிர்ப்பொருள் துண்டுகளை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறையில் அடலிமுமாப் என்ற மூட்டுவாத மருந்து உருவாகி, 2002-இல் ஒப்புதல் பெற்றது. முழு மனிதப் புரதமான அதற்கும்கூடச் சிலர் உடலில் எதிர்ப்பொருள் தோன்றுவதுண்டு.