நடவு வேலையைப் பென்சிலில் வரைந்தால் ஏன் உயிரில்லாமல் தெரிகிறது?

வயல் வேலைகளைப் போட்டோ பார்த்துப் பென்சிலில் வரைகிறேன், அளவெல்லாம் சரியாக இருந்தும் படத்தில் உயிரில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இதே சிக்கல் இருந்தது. சொந்த ஊர் புதுச்சேரி பக்கத்தில் பாகூர். ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். அம்மா பல வருஷம் நடவுக்குப் போனவர். அவர் நாற்று நடுகிற மாதிரி வரைந்து, சேலை மடிப்பைக்கூட விடாமல் தீட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவளுக்கு இடுப்பே வலிக்காது போலருக்கே" என்றார்.

அப்புறம் நோட்டோடு கழனி வரப்பில் போய் உட்கார்ந்தேன். நடுகிறவர்களுக்கு முதுகு வில்லாக வளைவதில்லை. தொடை சேருகிற இடத்தில் உடம்பு மடிகிறது. இடது கையில் நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு, அந்த முழங்கை தொடைமேல் ஊன்றியிருக்கிறது. மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அதன் வழியாகத்தான் இறங்குகிறது. வலது கை இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. என் படத்தில் இடது கை அந்தரத்தில் நின்றது. அம்மா கண்டுபிடித்தது அதைத்தான்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். தண்ணீர் கட்டிய வயலில் வெயில் கீழிருந்தும் வரும். முகம் குனிந்திருந்தாலும் தாடையின் அடிப்பக்கம் லேசாகத் துலங்கும். அங்கே பென்சில் படாமல் தாளை அப்படியே விட்டால் போதும். முகச் சுருக்கங்களுக்கு நாம் செலவழிக்கிற நேரம் எனக்கு வீணாகவே படுகிறது. நடவில் முகம் தெரிவதே அபூர்வம்.

சேற்றுக்கு 6பி என்கிற மெத்தென்ற கரும்பென்சிலை அழுத்தித் தேய்த்தால் தகரம் மாதிரி மின்னும். டச்சு ஓவியர் வான்கோ 1882 வாக்கில் தச்சர்களின் தடித்த பென்சிலால் வரைந்தபோது, அந்த மினுமினுப்பை அடக்கப் படத்தின்மேல் பால் ஊற்றியிருக்கிறார். நான் அதைவிடக் கொஞ்சம் கடினமான 2பி பென்சிலில் மெல்ல மெல்ல அடுக்கிக் கருமை ஏற்றுகிறேன். அதுவே போதுமானதாக இருக்கிறது.

போட்டோவை ஓரமாக வையுங்கள். பாகூர் பக்கமோ காட்டுமன்னார்கோயில் பக்கமோ சம்பா நடவு நேரத்தில் ஒரு நாள் காலையில் போய்விடுங்கள். பல இடங்களில் நடவு இயந்திரம் வந்துவிட்டது, அதனால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வரப்பில் உட்காரும் முன் நடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் கரையேறி வந்ததும் வரைந்ததைக் காட்டுங்கள். எந்தக் கை தப்பாக இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.