தொடாமலே நகரும் ஸ்டிக்: கன்ட்ரோலரில் பழுதா, அமைப்பில் பிழையா?

பாம்பனில் வசிக்கும் நீங்கள் கேட்பது இது: பட்டன்களை மாற்றியமைக்கக்கூடிய கேம் கன்ட்ரோலரின் ஸ்டிக்கிலிருந்து (கட்டைவிரலால் அசைக்கும் சிறு குச்சி) கையை எடுத்த பிறகும் ஆட்டக்காரன் இடப்பக்கம் நகர்கிறான், என்ன செய்வது?

அமைப்பைத் தொடும் முன் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் கேம் கன்ட்ரோலர் பகுதியைத் திறந்தால், ஸ்டிக்கின் நிலையை ஒரு சிறு கூட்டல் குறி காட்டும். ஸ்டிக்கை ஓரம்வரை சுழற்றிவிட்டுக் கையை எடுங்கள். குறி எப்போதும் ஒரே இடத்தில் விலகி நின்றால் ஸ்டிக்கின் நடுநிலையை மீண்டும் பதியவைக்கும் மறு அளவீடு பெரும்பாலும் போதும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றாலோ, நடுங்கினாலோ கோளாறு உள்ளே இருக்கிறது.

பல ஸ்டிக்குகளில் மின்தடைப் பட்டையின் மேல் ஓர் உலோக நுனி உரசிக்கொண்டே இருக்கும். தேய்ந்த துகளும் தூசியும் சேர்ந்தால் அளவு பிசகும். உப்புக் காற்றின் ஈரம் உலோகத்தை அரிக்கவும் செய்யும். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்த உரசலே கிடையாது. கடலோரத்தில் இருப்பவர்கள் அடுத்து வாங்கும்போது அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.

இப்போதைக்கு, ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தின் அமைப்பில் டெட்ஸோனை (ஸ்டிக்கின் அசைவு கணக்கில் வராத நடுப்பகுதி) 5 சதவீதத்தில் தொடங்கி, நகர்வு நிற்கும் வரை மட்டும் கூட்டுங்கள். அதிகமாக்கினால் நுட்பமாகக் குறிபார்க்க முடியாது. பின்பக்கப் பட்டன் இருந்தால் குதித்தலை அதற்கு மாற்றுங்கள். கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு விலக வேண்டியிருக்காது.