ரோஜா இலையில் வட்ட வெட்டு: மருந்து வேண்டாம்

ரோஜா இலை ஓரங்களில் கத்தரி வைத்து நறுக்கியதுபோல் அரைவட்டங்கள், காலித் தொட்டியின் துளைக்குள் சுருட்டிய இலைக்குழல். எந்தப் பூச்சிமருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வேண்டாம். புழுவென்றால் கடித்த ஓரம் கரடுமுரடாக இருக்கும், பெரும்பாலும் எச்சமும் கிடக்கும். இது இலைவெட்டித் தேனீ.

அது இலையைத் தின்பதில்லை, கூடு கட்டத்தான் வெட்டுகிறது. ராணியும் கூட்டமும் கிடையாது. ஒவ்வொரு தாயும் தனியாள். நீள்வட்டத் துண்டுகளால் அறையின் சுவர், உள்ளே மகரந்தமும் தேனும் குழைத்த உணவு, அதன்மேல் ஒரே ஒரு முட்டை, அப்புறம் வட்டத் துண்டுகளால் மூடி. பிறகு அடுத்த அறை. பெண் முட்டைகள் ஆழத்தில், ஆண்கள் வாசல் பக்கம். முதலில் வெளியே வருவதும் ஆண்கள்தான். மகரந்தத்தைக் காலில் அல்ல, வயிற்றின் அடியில் சுமக்கும். மஞ்சள் வயிறோடு ஒன்று பறந்தால் நன்றாகப் பாருங்கள், அழகாக இருக்கும்!

இமிடாகுளோபிரிட் மாதிரியான பூச்சிமருந்து செடிக்குள்ளேயே ஊறிவிடும். அந்த இலைதானே குஞ்சுக்குத் தொட்டில்?

சரி, தொட்டியை அசைக்காமல் விடுங்கள். பக்கத்தில் ஒரு முனை அடைத்த மூங்கில் குழல்களைக் கட்டினால் அங்கேயும் வரும். குஞ்சுகள் வெளியேறியதும் குழலை மாற்றிவிடுங்கள்; பழசில் பூஞ்சையும் ஒட்டுண்ணியும் சேரும்.